கடைசி வளைவில் யமன்

டெலிபோன் அலறியது!

வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி ஐந்து நிமிடம்.

சார்ஜன்ட் பொன்னையா அப்போதுதான் பிளேன்டீக்குச் சீனி போட்டுக் கலக்கியிருந்தார். பத்தொன்பது வருட பொலிஸ் வாழ்க்கையில் அவர் சூடாகக் குடித்த தேநீர் மொத்தம் நான்கு. இது ஐந்தாவதாக இருக்கும் என்று நம்பினார்.

நம்பிக்கை பாழானது.

"ஹலோ... பொலிஸ்..."

"ஐயா! கொன்னுட்டாங்கய்யா!"

"யாரை?"

"எங்க பெரிய சாரை! மூங்கில்தோட்டத்து ஸ்கூல் பிரின்சிபலை! ஆபீஸ்ல குப்புறக் கெடக்காருங்க... தரையெல்லாம் ரத்தம்... அலுமாரி தொறந்து கெடக்கு..."

"நீ யாரு?"

"வாட்சர் சோலைமலைங்க."

"உள்ள யாரு வந்தா?"

"யாரும் வரலீங்க. கேட்டுலதான் ஒக்காந்திருந்தேன்."

"யாருமே வராம கொலையா? நல்ல காவல்யா உன் காவல்!"

பொன்னையா தொப்பியை எடுத்தார். தேநீரை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். ஜீப் கிளம்பியது.

நோட்டன் பிரிட்ஜ் றோட்டில் இருபது நிமிடம். வளைவு, வளைவு, இன்னொரு வளைவு. மேலே பொல்பிட்டிய மின்நிலையத்திலிருந்து புறப்பட்ட மின்கம்பிகள் ஊரைத் தாண்டிக் கொழும்புக்கு வெளிச்சம் கொண்டுபோயின. கீழே தொழிலாளர்களின் லயங்களில் குப்பிலாம்பு.

அதிபர் நடராசா தன் அலுவலகத்தில் குப்புறக் கிடந்தார். வயது ஐம்பத்தொன்று. யாழ்ப்பாணத்துக்காரர். ஆறு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தை ஆள்பவர். அவருடைய பிரம்புக்குப் பயந்து பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கனவிலும் ஒப்பித்தார்கள்.

பொன்னையா குனிந்தார். நாடி பார்க்கக் கையை நீட்டினார்...

"ஒரு பிளேன்டீ கிடைக்குமோ?" என்று கேட்டது பிணம்.

சோலைமலை அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்!

பொன்னையா ஓடவில்லை. சலிப்போடு நிமிர்ந்தார்.

"உயிரோடதான் இருக்கீங்களா சார்? அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"மயங்கிப் போனன் சார்ஜன்ட்!" நடராசா நெற்றியைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார். "கொலை முயற்சி! எழுதுங்கோ! அடிச்சவன் தனுஷன்!"

"எந்த தனுஷன்?"

"எட்டாம் நம்பர் லயத்துப் பெடியன். ரெண்டு மாசத்துக்கு முன்னம் பள்ளிக்கூடத்தை விட்டிட்டுப் போனவன். ஏனெண்டு கேளுங்கோ!"

"ஏன்?"

"கம்ப்யூட்டரிலை கார் ரேஸ் ஓடப் போறாராம்! அதுதான் உத்தியோகமாம்! காலைப் பிரார்த்தனையிலை எழும்பி நிண்டு சொன்னவன். உருப்படுமோ உந்தச் சனியன்?"

"எத்தனை மணிக்கு அடிச்சான்?"

"ஆறேகால்."

"நேர்ல பார்த்தீங்களா?"

"பின்னாலை வந்து அடிச்சவன். ஆனா அவன்தான்! நேற்று இதே மேசைக்கு முன்னாலை நிண்டு கடிதம் கேட்டவன். நான் மாட்டன் எண்டன். இண்டைக்குப் பள்ளிக்கூட ரப்பர் சீலைக் களவெடுத்துக்கொண்டு போட்டான்!"

பொன்னையா சுற்றிலும் பார்த்தார். மேசையில் தங்க முலாம் பூசிய பேனா இருந்தது. புத்தம் புது மணிக்கூடு இருந்தது. பள்ளிக்கூட வானொலி இருந்தது.

இல்லாதது ஒன்றே ஒன்று. பாடசாலையின் வட்டச் சீல்!

பேனாவை விட்டுவிட்டு ரப்பர் கட்டையைத் திருடுகிற திருடனை பொன்னையா இதுவரை சந்தித்ததில்லை.

★

எட்டாம் நம்பர் லயம். கடைசிக் காம்பரா.

தனுஷன் பையில் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தான். பதினேழு வயது. ஒல்லி. தூக்கமில்லாத கண்கள்.

"எங்கடா பயணம்?"

திரும்பினான். காக்கியைப் பார்த்ததும் சட்டை கையிலிருந்து விழுந்தது.

"கொ... கொழும்புக்குங்க. ரெண்டு மணி பஸ்."

"ஓடிப் போறியா?"

"ரேஸுக்குப் போறேன் சார். நாளைக்குப் பத்து மணிக்கு ஃபைனல். நாடு முழுக்க எட்டுப் பேரு. மலையகத்துல ரெண்டே பேரு. ஜெயிச்சா சிங்கப்பூர் சார்! அங்க ரெண்டு வாரம் போட்டி. அப்புறம் மூணு வருசம் போட்டி நடத்துற கம்பனிக்காக ஓடணும். சம்பளம் உண்டு."

"கார் லைசன்ஸ் இருக்கா?"

"இது கம்ப்யூட்டர் கார் சார்."

"அதான் மோதினாலும் கேஸ் இல்லைன்னு நெனச்சிட்ட! பிரின்சிபல் மண்டை நிஜ மண்டைடா. சீல் எங்க?"

"என்ன சீல்?"

பொன்னையா விஷயத்தைச் சொன்னார். பையன் முகம் வெளுத்தது.

"சத்தியமா நானில்ல சார்! கடுதாசி கேட்டது உண்மை. பதினெட்டு வயசு ஆகலைன்னா ஸ்கூல் கடுதாசி வேணும்னு ரூல்ஸ்ல இருக்கு. போட்டோ ஒட்டி, பிரின்சிபல் கையெழுத்து போட்டு, வட்டச் சீல் குத்தி. எனக்கு ஐடென்டிட்டி கார்ட் இன்னும் வரல. வழியில எத்தனை செக்கிங்... அந்தக் கடுதாசி இல்லாம போனா என்னைய எங்க தூக்கி வைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். பொன்னையாவின் சொந்தத் தம்பி மகன் நான்கு நாள் அப்படி உள்ளே இருந்திருக்கிறான்.

"தோட்டத்துத் துரைகிட்ட கேக்கலாமே?"

"கேட்டேன். 'செக்ரோல்ல உன் பேர் இல்ல, நீ என் தொழிலாளி இல்ல'ன்னாரு. பெரிய சார்கிட்ட போனேன். 'ரெஜிஸ்டர்ல உன் பேர் இல்ல, நீ என் மாணவன் இல்ல'ன்னாரு. அப்ப நான் யாரு சார்?"

தோட்டத்தில் பிறந்தவன் மனிதன்தான் என்று எழுதிக் கொடுக்க இரண்டே பேர். இரண்டு பேரும் பேனாவை மூடிவிட்டார்கள்!

"ஆறேகாலுக்கு எங்க இருந்த?"

"படுத்திருந்தேன்."

"யாரு சாட்சி?"

"அம்மாதான்... ஆனா அம்மா ஆறு மணிக்கே வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிட்டாங்க."

சாட்சி இல்லை. கையில் பை. காலில் அவசரம். எந்த நீதவானும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்.

பொன்னையாவின் செல்போன் கூவியது. மேலதிகாரி ஓ.ஐ.சி.! சிங்களத்தில் நான்கே வாக்கியம். பதில் சொல்ல இடமில்லாமல் துண்டிக்கப்பட்டது.

"பன்னெண்டு மணிக்குள்ள உன்னைய கோர்ட்டுல போடணுமாம். வெள்ளிக்கிழமை உள்ள போனா திங்கக்கிழமைக்கு முன்ன வெளிய வர முடியாது தம்பி."

"ஃபைனல் நாளைக்கு சார்!"

விலங்கு பூட்டப்பட்டது.

அப்போது மலைப்பாதையில் ஓடி வந்தாள் பூரணி. முதுகில் கொழுந்துக் கூடை. மூச்சு இரைத்தது.

"எம்புள்ளைய எங்க கொண்டு போறீங்க?"

"திருடியிருக்காம்மா. பெரிய சாரை அடிச்சிருக்கான்."

"சார்ஜன்ட் ஐயா! பள்ளிக்கூடத்த விட்டான்னு நானே இவனை வெளக்குமாத்தால நாலு போட்டேன். ரெண்டு மாசமா மொகம் குடுத்துப் பேசல. அது எனக்கும் இவனுக்கும் உள்ள வழக்கு. ஆனா திருடன்னு சொன்னா அது வேற வழக்கு! நானும் வாரேன்!"

கூடையோடு ஜீப்பில் ஏறிவிட்டாள். பொலிஸ் ஜீப்பில் அரைக் கூடை கொழுந்து பயணம் செய்தது இலங்கையிலேயே அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

★

"ஓம்! இவன்தான்!"

நடராசா நாற்காலியில் சாய்ந்திருந்தார். தோட்டத்து டிஸ்பென்சர் நெற்றியில் பெரிய கட்டாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"சார், இவன் பின்னால வந்து அடிச்சான்னு சொன்னீங்க?"

"ஓம்."

"காயம் நெத்தியில இருக்கே?"

நடராசா கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நான்... திரும்பினனான்!"

"திரும்பினப்ப மூஞ்சியப் பார்த்திருப்பீங்களே?"

"மற்றப் பக்கம் திரும்பினனான்!"

பொன்னையா தலையை ஆட்டினார். அதிபரை மேலிருந்து கீழே பார்த்தார். டை இருந்தது. பெல்ட் இருந்தது. காலில் வெள்ளைக் காலுறை மட்டும் இருந்தது.

சப்பாத்துப் போடாத பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி அடிக்கிறவர் இவர். ஊருக்கே தெரியும்.

"சப்பாத்து எங்க சார்?"

"ஆ... அது... கள்ளன் கொண்டு போட்டான்!"

வாசலில் நின்ற சோலைமலை அப்பாவியாக வாயைத் திறந்தான்.

"இல்லீங்க சார். சப்பாத்து அங்கதான் இருக்கு. கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல. எப்பவும் போல."

"சோலைமலை! வாயை மூடு!"

"சோலைமலை! வாயைத் தொற!" என்றார் பொன்னையா. "எப்பவும் போலன்னா?"

"தெனமும் காலையில அஞ்சரைக்கு சார் வந்துருவாருங்க. சப்பாத்த வாசல்ல கழட்டி வச்சிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்குவாரு. ஆறே முக்காலுக்கு வெளிய வருவாரு. பூசை பண்றாருன்னு நெனச்சேங்க. ஆனா உள்ளயிருந்து லொறிச் சத்தமா வரும்."

தனுஷன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"அஞ்சரைலருந்து ஆறே முக்கால் வரைக்குமா?"

"உனக்கென்னடா அதுல?" என்றார் பொன்னையா.

"யமன் சார்!"

"யாரு?"

"மலையகத்துல செலக்ட் ஆன இன்னொரு ஆளு! பேரு தெரியாது, ஊரு தெரியாது. யமன்னு மட்டும்தான் போட்டுக்குவான். அவன் ஓடுற நேரமெல்லாம் இன்டர்நெட்ல வரும் சார். எப்பவும் காலையில அஞ்சரைலருந்து ஆறே முக்கால். ஒரு நாள்கூட மாறினதில்ல!"

நடராசா எழுந்தார். "எனக்குத் தலை சுத்துது. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்!"

"போவோம் சார். கம்ப்யூட்டர் ரூம் வழியா!"

★

வாசலில் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. ஒன்றோடொன்று ஒட்டி, பக்தியோடு வைக்கப்பட்டிருந்தது.

கம்ப்யூட்டர் அறைக்குள் எவரும் சப்பாத்தோடு போகக்கூடாது. அது அதிபரின் சட்டம். சட்டத்தை இயற்றியவர் அவசரத்திலும் அதை மீறவில்லை. வெளியே ஓடும்போது திரும்பப் போட்டுக்கொள்ளத்தான் மறந்துவிட்டார்!

பழக்கம் விடாமல் பொன்னையாவும் பூட்ஸைக் கழற்றினார். பூரணி கூடையை வெளியே இறக்கி வைத்தாள்.

உள்ளே பதினொரு கம்ப்யூட்டர்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் தானமாகக் கொடுத்தவை. பத்துக்குப் பிளாஸ்டிக் உறை. உறை மேல் தூசி. தூசி மேல் போன வருடத்துச் சரஸ்வதி பூசைச் சந்தனம்.

"நீ இதுலதான் படிச்சியா?" என்றார் பொன்னையா.

"இதையெல்லாம் சன்னல் வழியா பார்த்ததுதான் சார். தொட்டா பழுதாயிடுமாம். கொப்பியில மவுசைப் படம் வரைஞ்சு பாகம் குறிச்சோம். எனக்கு எண்பது மார்க்."

"அப்புறம் எங்க பழகின?"

"ஹட்டன்ல ஒரு கடையில. கூட்டித் தொடைச்சா ரெண்டு மணி நேரம் விடுவாங்க."

பதினோராவது கம்ப்யூட்டருக்கு உறை இல்லை. தூசி இல்லை. அதற்கு முன்னால் ஒரு ஸ்டீயரிங் சக்கரம் பொருத்தப்பட்டிருந்தது! சுழல் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதன் ஒரு சில்லு கழன்று சுவரோரம் கிடந்தது. பக்கத்தில் இருந்த யூ.பி.எஸ். பெட்டியின் கூர்முனையில்...

ரத்தம்!

"தம்பி, இதைப் போடத் தெரியுமா?"

"ஒரு கையை அவுத்து விடுங்க சார்."

விலங்கு ஒரு பக்கம் கழன்றது. திரை கண் விழித்தது. கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரவேற்பு. தனுஷன் வாசித்தான்.

"'வருக, யமன்'னு போட்டிருக்கு சார்..."

நடராசா சுவரைப் பார்த்தார். சுவர் அவரைக் காப்பாற்றவில்லை.

"கடைசியா எப்ப ஓடியிருக்கு?"

"இன்னைக்கு. ஆறு பதினாலு. கடைசி வளைவுல கார் மோதியிருக்கு." பையனின் கண்கள் விரிந்தன. "சார்! அது ஊசி வளைவு. வலது பக்கம் திரும்பும். கார் திரும்பறப்ப நம்ம ஒடம்பும் தானா சாயும். எல்லாருக்கும் சாயும். கெட்டியா ஒக்காரலைன்னா..."

"எப்படிச் சாயும்?"

பொன்னையா நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். வலது பக்கம் சாய்ந்தார்...

சோலைமலை மட்டும் பாய்ந்து பிடிக்காவிட்டால் மூங்கில்தோட்டத்தில் அன்று இரண்டாவது கொலை முயற்சியும் பதிவாகியிருக்கும்!

"ஆக, சார்," பொன்னையா உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டார், "உங்களை அடிச்சது யூ.பி.எஸ். விழுந்ததைச் சொல்ல வெக்கம். அதனால ஆபீசுக்கு ஓடி அலுமாரியத் தொறந்து போட்டுட்டுப் படுத்துட்டீங்க. கால்சட்டைப் பையைக் கொஞ்சம் காட்டுங்க பார்ப்போம்."

நடராசா அசையவில்லை.

பொன்னையாவே கையை விட்டார். வெளியே வந்தது... வட்டச் சீல்!

பூரணி பல்லைக் கடித்தாள்.

"வெக்கத்துக்கு எதையாச்சும் சொல்லியிருக்கலாம். வாழைப்பழத் தோல்ல வழுக்கிட்டேன்னு சொல்லுங்க. எதுக்கு எம்புள்ளைய இழுத்தீங்க சார்?"

நல்ல கேள்வி.

பதில் கம்ப்யூட்டர் மேசையின் லாச்சியை இழுத்தபோது கிடைத்தது. தட்டெழுத்தில் ஒரு கடிதம். திங்கட்கிழமைத் திகதி போட்டுத் தயாராக இருந்தது. பெறுநர், வலயக் கல்விப் பணிப்பாளர். பொன்னையா சத்தமாக வாசித்தார்.

"'கௌரவ ஐயா, இருபத்தாறு வருட ஆசிரிய சேவையிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். காரணம், முழுநேர வீடியோ கேம் வீரராக...'"

நிறுத்தினார்.

மறுபடி வாசித்தார்.

மூன்றாவது தடவையும் அதேதான் எழுதியிருந்தது!

"சார்... பள்ளிக்கூடத்தை விட்டுட்டுப் போறது நீங்களா?"

"ஓம்!" நடராசா வெடித்தார். "நான்தான் யமன்! நாளைக்கு நானும் ஓடுறன்! மற்ற ஏழு பேரிலை ஆறு பேரை நான் வெல்லுவன். வெல்லேலாதவன் இவன் ஒருத்தன்தான்! எந்த நேரம் நான் போட்டாலும் பின்னேரம் வந்து அதைக் குறைச்சுப் போடுவான்!"

"அதனால கடுதாசி குடுக்கல. விழுந்ததும் யோசனை வந்திருக்கு. இவன் திங்கக்கிழமை வரைக்கும் உள்ள இருந்தா..."

"இருபத்தாறு வருசம் சார்ஜன்ட்! எட்டு இடமாற்றம். ஒரு நாள், ஒருத்தன் எனக்குக் கை தட்டினவனோ? இந்தக் கதிரையிலை இருந்தால்தான் நானும் ஒண்டிலை முதலாவதா வாறன். எனக்கு வேறை என்ன இருக்கு?"

ஒரு கணம் பொன்னையாவுக்கே பாவமாக இருந்தது. அடுத்த கணம் விலங்கின் மறுபக்கத்தையும் கழற்றி எடுத்தார்.

"பொய் முறைப்பாடு. பொய்ச் சாட்சி. வாங்க சார், கோர்ட்டுக்கு நேரமாச்சு."

"வேணாம் சார்!"

சொன்னது தனுஷன்.

"என்னடா வேணாம்?"

"இவர் உள்ள போனா என் கடுதாசியில யாரு கையெழுத்து போடுவா? அதுவும் போக, யமன் வராத போட்டியில ஜெயிச்சு நான் என்ன சார் பண்றது? வரட்டும். ரோட்டுல பார்த்துக்கறேன்."

பூரணி மகனை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

ஓ.ஐ.சி.க்கு போன் பறந்தது. 'அதிபர் சரிந்து விழுந்தார். சீல் அவர் பையிலேயே கிடைத்தது.' ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை!

பொன்னையா வெள்ளைத் தாளை நீட்டினார். நடராசா பேனாவைத் திறந்தார். மூடினார்.

"எழுதேலாது. 'எமது பாடசாலை மாணவன்' எண்டு எழுதோணும். அவன் இப்ப மாணவன் இல்லை. பொய்க்குக் கையெழுத்து வைக்க என்ரை மனச்சாட்சி இடம் தராது!"

காலையிலிருந்து அவர் சொன்னதில் அதுதான் பெரிய நகைச்சுவை. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"அப்ப மறுபடி சேர்த்துக்கங்க."

"என்ன?"

"ரெஜிஸ்டரை எடுங்க சார். பேரை எழுதுங்க. அஞ்சு நிமிசம். கேம் ஆடப் பள்ளிக்கூடத்த விட்டவன், கேம் ஆடுறதுக்காகவே மறுபடி பள்ளிக்கூடத்துல சேர்றான். நாடு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல. ரெண்டு மணி பஸ் போகும், அது தெரியும்!"

டக்!

வட்டச் சீல் விழுந்தது.

பஸ்ஸில் சனம் நெரிந்தது. இருந்தது ஒரே ஒரு இரட்டை ஆசனம். அதிபரும் மாணவனும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். கினிகத்தேனை வளைவுகளில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கம் சாய்ந்தார்கள்.

★

திங்கட்கிழமை. காலை எட்டு மணி.

அதிபர் நடராசா தன் ஆசனத்தில் இருந்தார். நெற்றியில் கட்டு. காலில் சப்பாத்து. ராஜினாமாக் கடிதம் குப்பைக் கூடையில், எட்டுத் துண்டாக.

முதலாம் இடம், தனுஷன். இரண்டாம் இடம், யமன். வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் மூன்று பங்கு, அதுவும் கடைசி வளைவில்! முதலாம் இடத்துக்குச் சிங்கப்பூர். இரண்டாம் இடத்துக்கு ஒரு தொப்பி.

தனுஷன் எதிரே நின்றான். பள்ளிக்கூடச் சீருடை. கையில் விடுமுறை விண்ணப்பம்.

"ரெண்டு கிழமை லீவோ?" நடராசா கண்ணாடியைத் தூக்கினார். "மூண்டு வருசக் கொன்ராக்ட் என்ன மாதிரி?"

"அது பதினெட்டு முடிஞ்சப்புறம்தானாம் சார். அதுவரைக்கும் இங்கதான்."

நடராசா விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். திடீரென்று குரல் கனிந்தது.

"தம்பி... பதினெட்டு வயது ஆகேல்லை எண்டால், துணைக்கு ஒராள் கூடப் போகோணும் போல கிடக்கு?"

"ஆமா சார். அதுக்கும் கம்பனியே டிக்கெட் குடுக்குது."

"பொதுவா... உப்பிடியான நேரத்திலை... பள்ளிக்கூடத்தாலை அதிபர் போறதுதான் முறை..."

"அம்மா வர்றாங்க சார்."

நடராசாவின் முகம் சுருங்கியது.

"கொம்மாவோ? ஒரு நாளும் பள்ளிக்கூடத்திலை படிக்காத மனிசி! அவவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்?"

தனுஷன் பணிவோடு விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினான்.

"ஒண்ணும் தெரியாது சார். ஆனா அவங்களை நம்பலாம். கேமுக்காக விட்டுட்டு ஓடறதுக்கு அவங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் இருந்ததே இல்ல!"